கென்ட் கவுண்டியில் ரக்பி கிளப்பில் சேர்வது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு

படிக்கவோ வேலைக்கோ இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருக்கும் கென்ட் கவுண்டிப் பக்கம் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போல) வந்து இறங்கியிருக்கிறீர்கள். சனிக்கிழமை மதியம் ரக்பி ஆட வேண்டும் என்று ஆசை. கொழும்பிலோ கண்டியிலோ பள்ளி அணியில் ஆடியிருக்கலாம், சென்னையில் ஒரு கிளப்பில் ஆடியிருக்கலாம், பந்தையே தொடாதவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் இங்கே இடம் உண்டு. ஆட்டத்தைச் சொல்லித்தர ஒவ்வொரு கிளப்பிலும் கோச் இருக்கிறார். விசா, பதிவு, பழைய நாட்டின் அனுமதி, கட்டணம் ஆகியவற்றைத்தான் யாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. நான் ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டு, அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. நான் சொல்வது 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். 13 பேர் ஆடும் 'ரக்பி லீக்' என்பது வேறு விதிகள், வேறு சங்கம் கொண்ட தனி விளையாட்டு; வட இங்கிலாந்தில் அதற்குச் செல்வாக்கு அதிகம். கீழே 'லீக்' என்று வரும் இடமெல்லாம் யூனியன் அணிகள் மோதும் போட்டித் தொடரையே குறிக்கும்.

1. லீக் ஏணியை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

இங்கிலாந்தில் ஆண்கள் ரக்பி ஒரே ஏணி. உச்சியில் தொழில்முறை 'பிரெம்' (முன்பு பிரீமியர்ஷிப் என்ற பெயர்), அது 1ஆம் நிலை. அங்கிருந்து இறங்கி இறங்கி ஊர்க் கிளப்புகள் வரை வரும். இதையெல்லாம் நடத்துவது ஆர்எஃப்யூ எனப்படும் இங்கிலாந்து ரக்பி சங்கம்.

2022-23 பருவத்தில் இந்த ஏணியை ஆர்எஃப்யூ பெரிதாக மாற்றி அமைத்தது. புதியவர்களுக்கு வரும் குழப்பத்தில் பாதி இதனால்தான். இணையத்தில் கிடைக்கும் பழைய பக்கங்களில் பழைய பெயர்கள் இருக்கின்றன. கிளப்பில் இருக்கும் மூத்தவர்களும் பழைய பெயர்களையே சொல்கிறார்கள். கென்ட் பக்கம் நடந்த மாற்றம் இது:

லண்டன் 2 சவுத் ஈஸ்ட் என்று இருந்த 7ஆம் நிலை இப்போது கவுண்டீஸ் 1 கென்ட். லண்டன் 3 சவுத் ஈஸ்ட் என்ற 8ஆம் நிலை இப்போது கவுண்டீஸ் 2 கென்ட். 9ஆம் நிலையில் இருந்த கென்ட் 1 இப்போது கவுண்டீஸ் 3 கென்ட். அதற்கும் கீழே இருந்த கென்ட் 2, கவுண்டீஸ் 4 கென்ட் ஆனது.

மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பழைய 'கென்ட் 1'-உம் புதிய 'கவுண்டீஸ் 1 கென்ட்'-உம் ஒன்று போலத் தோன்றும், ஆனால் இரண்டுக்கும் நடுவே இரண்டு நிலை வித்தியாசம். "எங்கள் அணி கென்ட் ஒன்றில் ஆடியது" என்று ஒருவர் சொன்னால் எந்த ஆண்டு என்று கேளுங்கள். பெயரை நம்பாமல் நிலை எண்ணைக் கேட்பது இன்னும் நல்லது. பெயர்கள் மாறினாலும் நிலை எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம்.

மேலே போனால் 6ஆம் நிலை ரீஜனல் 2 சவுத் ஈஸ்ட், 5ஆம் நிலை ரீஜனல் 1 சவுத் ஈஸ்ட், 4ஆம் நிலை நேஷனல் 2 ஈஸ்ட், 3ஆம் நிலை நேஷனல் 1. மாற்றத்துக்கு முன் நாடு முழுக்க 4ஆம் நிலையில் வடக்கு, தெற்கு என்று இரண்டே பிரிவுகள்தான். அது மூன்றானது. 5ஆம் நிலையில் நான்காக இருந்த பிரிவுகள் ஆறாயின. அங்கே ஒரு பிரிவுக்கு 14 அணிகள் என்று இருந்ததை 12 ஆக்கினார்கள். 12 அணிகள் என்றால் சொந்த மைதானத்தில் 11, வெளியூரில் 11, ஆக 22 ஆட்டங்கள். தூரத்துப் பயணமும் ஆட்டங்களின் எண்ணிக்கையும் குறைய வேண்டும் என்பதே நோக்கம். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை ஆட வருபவர்களுக்கு இது நல்ல மாற்றம் என்பது என் கருத்து.

ஏணி ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் அசையும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலிடம் பிடித்த அணி மேலே போகும், கடைசி இடத்தில் இருப்பவை கீழே வரும். எத்தனை அணி இறங்கும் என்பது மேலே இருந்து எத்தனை இறங்கி வருகின்றன என்பதைப் பொறுத்தது. பயண தூரத்தைச் சமன்செய்ய ஓர் அணியை அதே நிலையில் பக்கத்துப் பிரிவுக்கு மாற்றுவதும் உண்டு. ஆள் பற்றாமல் நடுவில் விலகும் அணிகளும் இருக்கின்றன. எந்தக் கிளப் எந்த நிலையில் ஆடுகிறது என்று இங்கே நான் எழுதாமல் விட்டதற்கு இதுவே காரணம். கோடை வந்தால் அந்தப் பட்டியல் பழசாகிவிடும். இங்கிலாந்து ரக்பியின் இணையதளத்தில் அட்டவணைப் பக்கத்துக்குப் போய் நடப்புப் பருவத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

புள்ளிக் கணக்கு எளிது. வென்றால் 4, சமன் என்றால் 2. நான்கு ட்ரை அடித்தால் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதுதான் ட்ரை) கூடுதலாக 1. ஏழு அல்லது அதற்கும் குறைந்த புள்ளி வித்தியாசத்தில் தோற்றாலும் 1.

2. கிளப்பைத் தேர்ந்தெடுங்கள்: முதல் அணியைப் பார்க்காதீர்கள்

ஒரு கிளப்பின் பெயரோடு வரும் நிலை எண் அதன் முதல் அணிக்கானது. புதிதாகப் போகும் நீங்கள் அதில் ஆடப்போவதில்லை. உங்களுக்கு முக்கியம் அந்தக் கிளப்புக்கு இரண்டாம் அணி, மூன்றாம் அணி இருக்கிறதா, அவை வாராவாரம் உண்மையிலேயே களமிறங்குகின்றனவா என்பதுதான். 5ஆம் நிலைக் கிளப்பின் மூன்றாம் அணியில் பந்தே பிடிக்காதவர்கூட ஆடலாம். ஒரே அணி வைத்திருக்கும் 9ஆம் நிலைக் கிளப்பில் ஆள் குறைவு என்பதால் முதல் வாரமே உங்களை இறக்கிவிடுவார்கள். தயாராக இல்லாமல் இறங்குவது ஆபத்து. என்னைக் கேட்டால், முதல் ஆண்டுக்கு மூன்று அணிகளாவது வைத்திருக்கும் கிளப்பே நல்லது.

2022 மாற்றத்துக்குப் பிறகு இரண்டாம் அணிகளும் கவுண்டீஸ் லீக்குகளில் இடம்பெறுகின்றன. எல்லாக் கிளப்புக்கும் இது பொருந்தாது. ஒரு கிளப்பின் இரண்டாம் அணி லீக்கில் ஆடினால் பதிவு விதிகள் கறாராக இருக்கும். நட்பு ஆட்டங்கள் மட்டும் ஆடினால் கொஞ்சம் தளர்வு இருக்கும். "உங்கள் இரண்டாம் அணி எந்த லீக்கில்?" என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள்.

ரக்பியைப் பொறுத்தவரை கென்ட் என்பது வரைபடத்தில் இருக்கும் கென்டைவிடப் பெரியது. இன்று லண்டனுக்குள் வந்துவிட்ட பிளாக்ஹீத், பெக்கனம், சிட்கப் பக்கத்துக் கிளப்புகளும் இந்தக் கவுண்டியைச் சேர்ந்தவைதான். லூயிஷம், பிராம்லி பக்கம் குடியிருப்பவர்களுக்கும் அதனால் இந்த லீக்குகள் உண்டு. கவுண்டிக்குள் கேன்டர்பரி, மெட்வே, ஜில்லிங்கம், ஆஷ்ஃபோர்ட், மெய்ட்ஸ்டன், விட்ஸ்டபிள், டோவர் என்று பெரும்பாலான ஊர்களில் கிளப் இருக்கிறது. இங்கிலாந்து ரக்பி தளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அருகிலுள்ளவை வரும்.

தூரத்தைப் பார்க்கும்போது பயிற்சி முடியும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். பெரும்பாலான கிளப்புகளில் செவ்வாயும் வியாழனும் மாலை ஏழு மணிவாக்கில் பயிற்சி தொடங்கும், முடிய ஒன்பதாகும். மைதானங்கள் ஊருக்கு வெளியே இருக்கும். அந்த நேரத்தில் பஸ் இருக்காது. பயிற்சிக்குப் போகும் முன்பே கிளப் வாட்ஸ்அப் குழுவில் "ஸ்டேஷன் பக்கம் யாராவது போகிறீர்களா?" என்று கேளுங்கள். தயங்க வேண்டாம், கார் வைத்திருப்பவர்கள் ஏற்றிக்கொள்வது இங்கே சாதாரணம்.

பெண்களுக்கு: பெண்கள் ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்குத் தனி லீக் ஏணி. எல்லா ஊர்க் கிளப்பிலும் பெண்கள் அணி இருக்காது, ஆகவே கொஞ்சம் தூரம் போக வேண்டிவரலாம். 'இன்னர் வாரியர்' என்ற பெயரில் புதிதாகத் தொடங்கும் பெண்களுக்கான அறிமுக முகாம்களை ஆர்எஃப்யூ கிளப்புகள் வழியாக நடத்துகிறது. அதில் ஆரம்பிப்பது சுலபம்.

மாணவர்களுக்கு: பல்கலைக்கழக அணிகளின் போட்டிகள் புதன்கிழமை மதியம் நடக்கும், கிளப் ஆட்டங்கள் சனிக்கிழமை. இரண்டும் ஆட முடியும். ஆனால் வாரம் இரண்டு முழு ஆட்டம் என்பது உடம்புக்கு மிக அதிகம். முதல் ஆண்டில் ஒன்றில் மட்டும் ஆடுங்கள்.

3. விசா: ஒரு பவுண்டுகூட வாங்காதீர்கள்

இதுதான் மிக முக்கியம், பொறுமையாகப் படியுங்கள்.

மாணவர் விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராக இருக்கக் கூடாது என்பது பிரிட்டன் குடியேற்ற விதி. பொழுதுபோக்காக, சொந்த மகிழ்ச்சிக்காக, பிழைப்புக்காக அல்லாமல் ஆடுபவர் அமெச்சூர். அவர் தாராளமாக ஆடலாம். பிரச்சினை என்னவென்றால், 'தொழில்முறை வீரர்' யார் என்பதற்கு அந்த விதிகள் தரும் விளக்கம் நாம் நினைப்பதைவிட விரிந்தது. சம்பளம் வாங்குபவர் மட்டும் அதில் வரவில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் நாட்டு அணிக்கு ஆடியவர் அதில் வருகிறார், 17 வயதுக்குட்பட்டோர் முதலான இளையோர் அணிகளும் சேர்த்து. மாநில அணி, மாகாண அணிக்கு ஆடியவர்களும் அப்படியே.

அண்மையில் தமிழ்நாடு மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடிவிட்டு வந்த மாணவர், இலங்கையின் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் இருந்துவிட்டு வந்தவர் ஆகியோர் கையில் ஒரு பைசா வாங்காமல் இருந்தாலும் கவனமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் நீங்கள் என்றால், பதிவு செய்வதற்கு முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் ஆலோசகரிடம் எழுத்தில் கேளுங்கள். பதிலும் மின்னஞ்சலில் வரட்டும், அதைப் பத்திரமாக வைத்திருங்கள். கிளப்காரர் "அதெல்லாம் ஒன்றுமில்லை, வாங்க ஆடலாம்" என்று அன்போடுதான் சொல்வார். ஆனால் விசா உங்களுடையது, அவருடையது அல்ல.

மற்றவர்களுக்கு விதி எளிது. பணம் வாங்காதீர்கள். வென்றால் கொடுக்கும் பரிசுப் பணம், இலவசத் தங்குமிடம், சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்ததற்கான கூலி என எந்த வடிவில் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கீழ்நிலை லீக்குகளில் இப்படி வருவது அரிது. வந்தாலும் யாரும் தீய எண்ணத்தோடு தருவதில்லை, விதி தெரியாமல்தான் தருகிறார்கள்.

விசா நிலையைக் காட்டச் சொன்னால் இப்போது எல்லாமே இ-விசாதான். அரசுத் தளத்தில் நுழைந்து, விசா நிலையை மற்றவர் பார்க்க உதவும் ஷேர் கோடு என்ற குறியீட்டை எடுக்கும்போது எதற்காக என்று கேட்கும். வேலை, வாடகை, வேறு காரணம் என மூன்று தெரிவுகள் இருக்கும். 'வேறு காரணம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேலைக்கென எடுத்த குறியீட்டை ரக்பி கிளப்புக்குக் கொடுக்காதீர்கள்.

4. வெளிநாட்டில் ஆடியவர்களுக்கு: பழைய சங்கத்தின் அனுமதி

வேறொரு நாட்டின் ரக்பி சங்கத்தின் கீழ் ஆடிவிட்டு வருபவர், அந்தச் சங்கத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் புதிய நாட்டில் பதிவாக முடியாது. இது உலக அளவில் ரக்பியை நடத்தும் வேர்ல்ட் ரக்பி அமைப்பின் 4ஆம் ஒழுங்குவிதி. இந்தியாவில் ஆடியிருந்தால் ரக்பி இந்தியா, இலங்கையில் ஆடியிருந்தால் ஸ்ரீலங்கா ரக்பி. உங்கள் மீது தடையோ பழைய கிளப்போடு முடியாத ஒப்பந்தமோ இல்லை என்று அவர்கள் உறுதி சொல்ல வேண்டும்.

இந்த அனுமதியை நீங்களே கடிதம் எழுதி வாங்கிக் கையில் கொண்டுவரப் பார்க்காதீர்கள். புதிய கிளப்பின் பதிவாளர் ஆர்எஃப்யூ வழியாக விண்ணப்பத்தைத் தொடங்குவார். அங்கிருந்து பழைய சங்கத்துக்குக் கேள்வி போகும். நீங்கள் செய்ய வேண்டியது, அந்தக் கேள்வி அங்கே கிடப்பில் கிடக்காமல் பார்த்துக்கொள்வது. ஊரில் உங்கள் பழைய கோச்சுக்கோ கிளப் செயலாளருக்கோ முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "இன்ன தேதியில் இங்கிலாந்திலிருந்து கேட்பார்கள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்." பழைய பதிவு எண், கடைசியாக ஆடிய கிளப், கடைசி ஆட்டம் எந்த மாதம் என்ற விவரங்களைக் குறித்து வைத்திருங்கள். சில நாளில் முடிந்தவர்களும் உண்டு, வாரக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. அதனால்தான் ஜூலையிலேயே தொடங்கச் சொல்கிறேன்.

பள்ளி அணியில் மட்டும் ஆடியவர்களும் பதிவாளரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அனுமதி தேவையா இல்லையா என்று அவர் கேட்டுச் சொல்வார். "புதியவர் என்று போட்டுவிடலாம், வேகமாக முடியும்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் தெரியவந்தால் தகுதியில்லாத ஆட்டக்காரரை இறக்கியதாகக் கருதி அணியின் புள்ளியைக் கழிப்பார்கள். அதன் சுமை உங்களோடு ஆடியவர்கள் எல்லோர் தலையிலும் விழும்.

எந்த நாட்டிலும் ஆடாதவர் இந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

5. ஜிஎம்எஸ் பதிவு

ஆர்எஃப்யூவின் கணினிப் பதிவு முறைக்கு ஜிஎம்எஸ் என்று பெயர். லீக்கில் ஆடும் ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் அடையாள எண் இருக்கும். ஆட்டத்துக்கு முன் அணிப் பட்டியலை மேனேஜர் இதில்தான் ஏற்றுவார். உங்கள் பெயர் இல்லை என்றால் அன்று நீங்கள் ஆட்டக்காரர் இல்லை.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், பிரிட்டன் முகவரி, தினமும் பார்க்கும் மின்னஞ்சல், வெற்றுப் பின்னணியில் எடுத்த முகப்படம், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒருவரின் தொலைபேசி எண். கடைசியாகச் சொன்னது பிரிட்டனில் இருப்பவராக இருக்கட்டும். மைதானத்தில் உங்களுக்கு அடிபட்டால் மதுரையில் இருக்கும் அப்பாவால் ஆஸ்பத்திரிக்கு வர முடியாது. கூடத் தங்கியிருக்கும் நண்பரின் எண்ணைக் கொடுங்கள்.

தமிழர்களுக்கு இங்கே வரும் தனிச் சிக்கல் பெயர். இனிஷியலோடு எழுதுவது நம் பழக்கம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும், சிலருக்கு ஒரே பெயர்தான் இருக்கும். கிளப்பில் எல்லோரும் உங்களை ஒரு சுருக்கப் பெயரால் கூப்பிடுவார்கள். பதிவில் எப்போதும் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். நீங்கள் ஒரு மாதிரியும் பதிவாளர் இன்னொரு மாதிரியும் போட்டால் இரண்டு பேராகப் பதிவாகி, எது சரி என்று தேடுவதிலேயே வாரங்கள் போய்விடும். யார் ஏற்றுவது என்பதை முதலிலேயே பேசி முடிவுசெய்யுங்கள்.

விண்ணப்பம் போட்டவுடன் வேலை முடிந்துவிடாது. கிளப் உறுதிசெய்து, ஆர்எஃப்யூ தரப்பிலும் நடைமுறைக்கு வந்தால்தான் பதிவு செல்லும். "போட்டுவிட்டேன்" என்று பதிவாளர் சொன்னால், "செல்லுபடியாகிவிட்டதா?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். பதிவாளர்கள் எல்லோரும் சம்பளம் இல்லாமல் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்பவர்கள். வெள்ளிக்கிழமை இரவு அவசரப்படுத்தாதீர்கள், திங்கட்கிழமையே கேளுங்கள்.

6. எவ்வளவு செலவாகும்?

கிளப்புக்குக் கிளப் மாறும். நான் கண்ட வரம்பைச் சொல்கிறேன்.

ஆண்டுச் சந்தா, இங்கே 'சப்ஸ்' என்பார்கள், வேலை பார்ப்பவர்களுக்கு ஏறக்குறைய 150 முதல் 300 பவுண்டு. மாணவர்களுக்குப் பாதி அல்லது அதற்கும் குறைவு. மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் மாதத் தவணையாகக் கட்டலாம், பெரும்பாலான கிளப்புகள் ஒத்துக்கொள்ளும். கேட்டால்தான் சொல்வார்கள். சில கிளப்புகள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 5 முதல் 15 பவுண்டு வரை தனியாக வாங்கும். ஆட்டம் முடிந்தபின் கிடைக்கும் சாப்பாடு அதில் அடங்கும். சந்தா எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், ஆட்டக் கட்டணம் தனியா என்றும் கேளுங்கள். பருவ முடிவில் கூட்டிப் பார்த்தால் அது சந்தாவைவிட அதிகமாக வரக்கூடும்.

பூட்ஸ் 40 முதல் 100 பவுண்டு. பழைய பூட்ஸ் கிளப்பிலேயே கிடைக்கும், கேளுங்கள். கொதிநீரில் போட்டுப் பல்லுக்கு ஏற்ப அழுத்திக்கொள்ளும் மவுத்கார்டு 10, 15 பவுண்டுக்குள் கிடைக்கும். பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்தால் அதைவிடப் பல மடங்கு. முதல் பருவத்துக்குக் கடையில் வாங்குவதே போதும், ஆனால் அது இல்லாமல் பயிற்சிக்குக்கூட இறங்காதீர்கள். இந்த ஊரில் என்எச்எஸ் (அரசு மருத்துவ சேவை) பல் மருத்துவர் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். காலுறை, அரைக்கால் சட்டை கிளப் நிறத்தில் 30 பவுண்டுக்குள் முடியும். ஜெர்சியை ஆட்டத்தன்று கிளப்பே தரும், முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தலைக்கவசமும் தோள் பட்டையும் கட்டாயமில்லை. தலைக்கவசம் காதையும் கீறலையும்தான் காக்கும், மூளை அதிர்ச்சியைத் தடுக்காது.

பயணத்துக்கு, வயது 16 முதல் 25 வரை உள்ளவர்களுக்கான ரயில்கார்டு ஆண்டுக்கு 35 பவுண்டு, டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். கார்டு இல்லாதவர்கள் மூன்று பேர் சேர்ந்து போனால் குரூப்சேவ் என்ற சலுகை கிடைக்கும், அதுவும் மூன்றில் ஒரு பங்கு. வெளியூர் ஆட்டத்துக்கு ரயிலில் போகும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

7. கயிறு, காப்பு, கடுக்கன்

ஆட்டத்துக்கு முன் ரெஃப்ரி உடைமாற்றும் அறைக்கு வருவார். வரிசையாக நின்று பூட்ஸைத் திருப்பிக் காட்ட வேண்டும். ஒவ்வோர் ஆணியையும் விரலால் தடவிப் பார்ப்பார். தார்ச்சாலையில் நடந்து தேய்ந்த உலோக ஆணியின் ஓரம் பிளேடு போல இருக்கும். அதோடு ஆட விடமாட்டார். அதனால் கார் நிறுத்தும் இடத்திலிருந்து பூட்ஸ் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். மாற்று ஆணிகள் நான்கு பையில் கிடக்கட்டும்.

நகைக்கும் அனுமதி இல்லை. மோதிரம், கடுக்கன், கழுத்துச் செயின், கைக்காப்பு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மேலே டேப் சுற்றிக்கொள்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தாயத்து கோத்த கயிறு, மூக்குத்தி, மெட்டி, தாலி ஆகியவற்றைக் கழற்றுவது நம்மில் பலருக்கு மனக்கஷ்டம். ஆட்டத்தன்று காலை அவசரமாக முடிவெடுக்காமல், வீட்டில் முன்பே பேசி ஒரு முடிவோடு வாருங்கள். விலை உயர்ந்ததை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், உடைமாற்றும் அறைக்குப் பூட்டு இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

8. முதல் பயிற்சிகள்: இரண்டு விஷயத்தில் உறுதியாக இருங்கள்

முதலாவது, டேக்கிள் உயரம். பந்தோடு ஓடுபவரைப் பிடித்துக் கீழே வீழ்த்துவதுதான் டேக்கிள். 2023 ஜூலையிலிருந்து இங்கிலாந்தின் ஊர்க் கிளப் ரக்பியில், மார்பெலும்பின் அடிமுனைக்குக் கீழேதான் டேக்கிள் செய்யலாம். தொலைக்காட்சியில் பார்க்கும் சர்வதேச ஆட்டத்தில் தோள் வரை அனுமதி உண்டு, அதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே தண்டனை வாங்குவார்கள். முன்பு ஊரில் ஆடியவர்களுக்குத்தான் இது கஷ்டம், உடம்பு பழைய உயரத்துக்கே போகும். முழங்காலை மடக்கி இடுப்பைத் தாழ்த்தும் பயிற்சியைக் கோச்சிடம் கேட்டுத் தனியாகச் செய்யுங்கள்.

இரண்டாவது, ஸ்க்ரம்மின் முன்வரிசை. இரு அணியினரும் வரிசையாகக் கோத்து நின்று, பந்துக்காக ஒருவரையொருவர் தள்ளுவதுதான் ஸ்க்ரம். நீங்கள் கொஞ்சம் பருமனாக இருந்தால் முதல் நாளே "ப்ராப் ஆடுகிறாயா?" என்று கேட்பார்கள் (முன்வரிசையின் ஓரத்து இடம்தான் ப்ராப்), ஏனென்றால் எல்லாக் கிளப்புக்கும் முன்வரிசைப் பஞ்சம். முன்வரிசைக்குத் தகுந்த பயிற்சியும் அனுபவமும் உள்ளவர்கள்தான் ஆட வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. ஆள் இல்லை என்றால் தள்ளாத ஸ்க்ரம் வைத்து ஆட்டத்தைத் தொடர வழியும் இருக்கிறது. கழுத்து எலும்பு சம்பந்தப்பட்ட விஷயம் இது. கோச் தயார் என்று சொல்லும் வரை "இன்னும் பழகவில்லை" என்று சொல்லுங்கள். ரெஃப்ரி நேரடியாகக் கேட்டாலும் அதையே சொல்லுங்கள்.

மோதலே வேண்டாம், ஆனால் பந்தோடு ஓட வேண்டும் என்பவர்களுக்கு டேக்கிள் இல்லாத டி1 ரக்பி பல கிளப்புகளில் நடக்கிறது. கோடையில் அதில் ஆரம்பித்து, பந்து கைக்குப் பழகியதும் முழு ஆட்டத்துக்கு வருவது நல்ல வழி.

9. அடிபட்டால்

விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பீர்கள், மாணவருக்கு ஆண்டுக்கு 776, மற்ற பெரியவர்களுக்கு 1,035 பவுண்டு. எனவே எலும்பு முறிந்தாலும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்க மாட்டார்கள். வந்தவுடன் ஜிபி எனப்படும் உள்ளூர் பொது மருத்துவரிடம் பதிவு செய்துவிடுங்கள்.

தலையில் அடிபட்டால் விதி கண்டிப்பானது, அப்படித்தான் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தாலே வெளியேற வேண்டும், அன்று மீண்டும் இறங்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆலோசனை எண்ணான 111-ஐ அழைத்துக் கேளுங்கள். மயக்கம், வாந்தி, கடுமையான தலைவலி இருந்தால் அவசர உதவி எண்ணான 999. அதன்பின் போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள். தலையில் அடிபடும் வாய்ப்புள்ள பயிற்சிக்குத் திரும்பும் முன் 14 நாள் அறிகுறியே இல்லாமல் இருக்க வேண்டும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி ஆடாதீர்கள். கேப்டன் கெஞ்சினாலும் ஆடாதீர்கள்.

காப்பீடு பற்றிப் பலருக்குத் தவறான நினைப்பு இருக்கிறது. கிளப் வழியாக வரும் காப்பீடு நிரந்தர ஊனம் போன்ற பேரிழப்புக்கானது. கை முறிந்து ஆறு வாரம் வேலைக்குப் போக முடியாவிட்டால் அந்தச் சம்பளத்தை அது தரும் என்று எண்ணாதீர்கள். மணிக்கணக்குச் சம்பளத்தில் கடையிலோ டெலிவரியிலோ வேலை பார்ப்பவர்கள் இதை நன்றாக யோசியுங்கள். ஒரு மாத வாடகையாவது கையிருப்பில் இல்லாமல் இறங்க வேண்டாம். வருமான இழப்புக்கான தனிக் காப்பீடு எடுப்பவர்கள், ரக்பியும் அதில் அடங்குமா என்று படித்துப் பார்த்து எடுங்கள். பல பாலிசிகள் மோதல் விளையாட்டுகளை விலக்கிவைக்கின்றன.

10. சனிக்கிழமை எப்படிப் போகும்?

வழக்கமாக மூன்று மணிக்கு ஆட்டம். டிசம்பர், ஜனவரியில் சீக்கிரம் இருட்டிவிடுவதால் இரண்டு அல்லது இரண்டரைக்கே தொடங்கிவிடும். ஒன்றரை மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். பனி உறைந்தாலோ தண்ணீர் தேங்கினாலோ காலையில் ரத்தாகும், ரயில் ஏறும் முன் வாட்ஸ்அப் பாருங்கள். கீழ்நிலை ஆட்டங்களில் ஒரு பக்கம் ஆள் குறைந்தால், இரு தரப்பும் பேசி 15க்குக் குறைவான ஆட்களோடு ஆடுவதும் உண்டு. அதனால் வருவேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருக்காதீர்கள். முடியாது என்றால் வியாழக்கிழமையே சொல்லுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் கிளப்ஹவுஸில் சேர்ந்து சாப்பிடும். பெரும்பாலும் இறைச்சிதான், பன்றி இறைச்சி சாசேஜும் வரும். சைவம், ஹலால் என்றால் சமையலைக் கவனிப்பவரிடம் வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள், எடுத்து வைப்பார்கள். வெளியூர் போகும்போது மேனேஜர் எதிரணிக்குச் சொல்ல வேண்டும், அவருக்கு நினைவூட்டுங்கள். குடிக்காதவர்களைக் கட்டாயப்படுத்துவது முன்பைவிட மிகவும் குறைந்துவிட்டது. எலுமிச்சைச் சோடாவோடு உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம். அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர்க்காதீர்கள். வேலை, வீடு, ஓட்டுநர் பயிற்சி என்று இந்த ஊரில் எனக்குக் கிடைத்த உதவிகளில் பல அந்த மேசையில் கிடைத்தவை.

11. மாதவாரியாக

மே, ஜூன்: அடுத்த பருவத்துக்கு எந்த அணி எந்தப் பிரிவில் என்ற பட்டியல் வெளிவரும் காலம். கிளப்புகள் முறையிடுவதும் உண்டு, ஆகவே முதலில் வந்த பட்டியலை வைத்துப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். இரண்டு மூன்று கிளப்புகளுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

ஜூலை: பயிற்சி தொடங்கும். போய்ப் பாருங்கள், முதல் சில வாரங்களுக்குப் பணம் கேட்க மாட்டார்கள். வெளிநாட்டு அனுமதி விண்ணப்பத்தை இந்த மாதமே தொடங்குங்கள்.

ஆகஸ்ட்: ஜிஎம்எஸ் பதிவு, சந்தா, மவுத்கார்டு. நட்பு ஆட்டங்கள் நடக்கும்.

செப்டம்பர் தொடக்கம் முதல் ஏப்ரல் வரை: லீக். செப்டம்பர் கடைசியில் வந்து இறங்கும் மாணவர்கள் பயப்பட வேண்டாம், நடுவில் சேரலாம். அக்டோபர் முழுக்கப் பயிற்சி, பதிவு என்று வைத்துக்கொண்டு நவம்பரில் மூன்றாம் அணியில் இறங்குவது நியாயமான இலக்கு.

படிப்போ வேலையோ ஊர் மாறினால் கிளப்பும் மாற வேண்டிவரும். ஜிஎம்எஸ்ஸில் புதிதாக இன்னொரு பதிவு போடாதீர்கள். பழைய அடையாள எண்ணைப் புதிய கிளப்பின் பதிவாளரிடம் கொடுத்து மாற்றம் கேளுங்கள். அதற்கு முன் பழைய கிளப்பின் சந்தா பாக்கியைக் கட்டி, ரசீதை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி இருந்தால் மாற்றத்துக்கு அவர்கள் ஆட்சேபம் சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.